பென்சிலில் ஒரு சொல், மையில் அதே சொல்

கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்ந்தவனை யாரும் தேடி ஃபோன் எடுப்பதில்லை. எடுத்தால் யாரோ செத்திருப்பார்கள், அல்லது யாருக்கோ ஒரு கையெழுத்துத் தேவைப்படும். ஆகவே போன மாசியில் நதீஷா ஃபோன் எடுத்தபோது, "யார் போனது?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"அனே, யாரும் போகவில்லை அங்கிள். ஒரு சொல் விளங்கவில்லை. அதைக் கேட்கத்தான் எடுத்தேன்" என்றாள் சிங்களத்தில்.

நான் ஓய்வுபெறும்போது நதீஷா பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளை. இன்று எங்கள் கம்பனியின் எச்.ஆர். மனேஜர். எங்கள் காலத்தில் அந்தப் பகுதிக்கு எஸ்டாப்ளிஷ்மென்ட் என்று பெயர், ஊழியர்களின் ஃபைல்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். இப்போது அலுவலகம் வேறு கட்டடத்துக்குப் போகிறதாம். பழைய ஃபைல்களை அங்கே கொண்டுபோக மாட்டார்களாம். உயிரோடு இருப்பவர்கள் வந்து தங்கள் ஃபைலை எடுத்துக்கொள்ளலாம், மிச்சத்தை மெஷினில் போட்டுக் கிழித்துவிடுவார்கள். கிழிக்குமுன் ஆவலில் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்திருக்கிறாள்.

"ஒரு லேடியின் ஃபைல் அங்கிள். ஆறு வருடம் தொடர்ந்து 'அம்பிஷஸ்' என்று போட்டிருக்கிறார்கள். எவ்வளவு நல்ல ரிப்போர்ட்! ஆனால் ஒவ்வொரு வருடமும் கீழே 'பதவி உயர்வுக்குச் சிபாரிசு இல்லை' என்று இருக்கிறது. யாராவது மாற்றி டைப் பண்ணிவிட்டார்களா?"

"மிஸ் ராஜேஸ்வரியா?" என்றேன்.

"சரிதான் அங்கிள்! எப்படித் தெரியும்?"

டைப் பண்ணியவனே நான்தான் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அது பழைய காலத்துச் சொல், நேரில் வந்து சொல்கிறேன் என்று சமாளித்தேன். வைக்குமுன் அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்த லேடிக்கும் அறிவித்தாயிற்று, வெள்ளிக்கிழமை வந்து ஃபைலை எடுத்துப் போவார். பிறகு, அந்தக் காலத்துச் சொற்களைப் பற்றி ஊழியர் சஞ்சிகைக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படியும் கேட்டாள். இரண்டு பக்கத்தில் அடங்கக்கூடிய விஷயம் இல்லை இது. ஆனாலும் எழுதுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனைக்காரன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மறைக்கல்வி படிப்பித்த பிரதர் ஒருவர், கரும்பலகையில் கோடு கிழித்து ஒரு பக்கம் புண்ணியங்களையும் மறுபக்கம் பாவங்களையும் எழுதுவார். தலையான பாவங்கள் ஏழு என்றுதான் திருச்சபை சொல்கிறது. அவர் தன் பங்குக்கு எட்டாவதாக 'அம்பிஷன்' என்பதையும் சேர்த்திருந்தார். தமிழில் அது என்ன என்று கேட்டால் "பதவிப் பேராசை" என்பார். வீட்டில் அப்பா வேறு, போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று சோற்றுக் கோப்பைக்கு முன்னால் தினமும் ஓதுவார். இரண்டையும் கேட்டு வளர்ந்தவன் வேறு எப்படி வருவான்?

இருபது வயதில் மனிஃபெஸ்ட் பகுதியில் சேர்ந்தேன். எந்தக் கப்பலில் என்ன சரக்கு யாருக்கு வருகிறது என்ற பட்டியலைத் தயாரிக்கிற பகுதி. டைப்பிங், துறைமுகத்துக்கு ஓட்டம், சுங்கத்தில் காத்திருப்பு என்று முதல் ஆறு வருடம் போயிற்று. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கை வேகமும் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் இருந்தபடியால், எஸ்டாப்ளிஷ்மென்ட் வேலையிலும் அரைநாள் போட்டார்கள். அங்கேதான் மனேஜர் மிஸ்டர் எட்வினிடம் அகப்பட்டேன்.

மிஸ்டர் எட்வின் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர். பம்பலப்பிட்டியிலிருந்து ரெயிலில் வருவார். வெள்ளை லோங்ஸ், வெள்ளைச் சேட், கக்கத்தில் மடித்த பேப்பர். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கத் தொடங்கினால் நாங்கள் எழும்பி வெளியே போய்விடவேண்டும். முப்பது வருடம் ஒரே மேசை, ஒரே மைக்கூடு. நேர்மையான மனிதர், அதில் சந்தேகமே இல்லை.

வருடத்தில் ஒருமுறை, மார்கழி முதல் கிழமையில், அவர் அந்தரங்க அறிக்கை எழுதுவார். ஆளுக்கு ஒரு தாள். வருகை, வேலைத்திறன், எழுத்துச் சுத்தம் என்று வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். கடைசியில் 'குணம்' என்று ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு சொல்லுக்கு மேல் கொள்ளாது. மற்றப் பெட்டிகளை அவரே நிரப்புவார். குணத்துக்கு மட்டும் அந்தந்தப் பகுதியின் மூத்த கிளாக்கைக் கூப்பிடுவார், மூத்த கிளாக்கின் குணத்துக்குச் சீஃப் கிளாக்கை.

கூப்பிட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்தவேண்டும். இருக்கச் சொல்லமாட்டார். ஒரு பெயரை வாசிப்பார். "வன் வேர்ட்" என்பார். நாங்கள் ஒரு சொல் சொல்லவேண்டும். ஏன், எதற்கு என்று கேட்காமல் அதைப் பென்சிலால் பெட்டிக்குள் எழுதுவார். மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பக் கூப்பிட்டு, அதே பெயரை வாசித்து, அதே கேள்வியைக் கேட்பார். முதல் நாள் சொன்ன சொல்லையே சொன்னால் பென்சிலின் மேல் மையால் எழுதுவார். வேறு சொல் சொன்னால் பென்சிலை அழித்துவிட்டுப் பெட்டியை வெறுமையாக விட்டுவிடுவார். வெறும் பெட்டி யாருக்கும் கேடு செய்யாது.

ஏன் சேர் இரண்டு நாள் என்று ஒருமுறை துணிந்து கேட்டுவிட்டேன். முதல் நாள் ஒருவன் ஆத்திரத்தில் சொல்லக்கூடும், இரண்டாம் நாளும் சொன்னால் மனமறிந்து சொல்கிறான் என்று அர்த்தம் என்றார். இந்த வழக்கம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். 'பென்சில் நாள்', 'மை நாள்' என்று சொல்வோம். யாருக்கு என்ன சொல் என்பது மட்டும் வெளியே வரக்கூடாது. வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

மையில் ஏறிய சொல் இலேசில் இறங்காது. மாற்றுவதற்குக் காரணம் காட்டாவிட்டால் அடுத்த வருடமும் அதுதான், அதற்கடுத்த வருடமும் அதுதான். பெட்டியில் உள்ள சொல்லைப் பார்த்து, கீழே சிபாரிசு வரியை டைப் பண்ணுவது என் வேலை. இதற்கு எழுதிவைத்த சட்டம் எதுவும் கிடையாது. 'ஸ்டெடி' என்றால் சிபாரிசு உண்டு. இருப்பது போதும் என்று இருப்பவன் 'கொன்டென்டட்', அவனுக்கும் உண்டு. முந்திரிக்கொட்டைக்கு 'ஃபோர்வர்ட்', அவனுக்கு இல்லை. 'அம்பிஷஸ்' என்றால் நிச்சயமாக இல்லை. என்னிடம் அந்த மேசையை ஒப்படைத்தவர் அப்படித்தான் செய்தார், நானும் அப்படியே செய்தேன்.

இனி ராஜேஸ்வரிக்கு வருகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து வருவார். எங்கள் மனிஃபெஸ்ட் பகுதிதான். எனக்கு எட்டு மாதம் பிந்திச் சேர்ந்தவர். கெட்டித்தனத்தில் எட்டு வருடம் முந்தியவர் என்று சொன்னாலும் பிழையில்லை. டெலெக்ஸ் மெஷின் வந்தபோது நாங்கள் எல்லோரும் அதற்குக் கிட்டவே போகப் பயந்தோம். அவர் பகல் சாப்பாட்டு நேரத்தில் தனியாக இருந்து பழகி இரண்டு கிழமையில் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். கப்பல் வந்து சேருமுன்பே சரக்குப் பட்டியலை ஆள்வாரியாகப் பிரித்து வைத்தால் சுங்கத்தில் ஒரு நாள் மிச்சம் என்று சொன்னதும் அவர்தான். சொன்னதோடு நிற்கவில்லை, ஒரு கப்பலுக்குச் செய்தும் காட்டினார்.

எங்கள் சீஃப் கிளாக் பங்குனியில் ஓய்வுபெற இருந்தார். அந்தக் கதிரைக்கு அடுத்த வரிசையில் இருந்தவர்கள் நானும் ராஜேஸ்வரியும். இந்த மாதிரி நேரத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. கதிரை காலியாகப் போவது தெரியாத மாதிரி நடக்கவேண்டும். யாராவது அதைப்பற்றிக் கதைத்தால் "ஐயோ, எனக்கெதற்கு?" என்று கையை உதறவேண்டும். நான் நன்றாக உதறினேன். மனதுக்குள் என் பெயர்ப்பலகையை எந்தப் பக்கம் வைப்பது என்றுகூடத் தீர்மானித்திருந்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள் சாப்பாட்டு அறையில் ராஜேஸ்வரி சாதாரணமாகச் சொன்னார்.

"நான் இண்டைக்கு மிஸ்டர் எட்வினிட்டப் போய்க் கேட்டனான். அந்த வேலைக்கு என்னையும் யோசிச்சுப் பாருங்கோ சேர் எண்டு."

ஒருவரும் சாப்பிடவில்லை. யாரோ "ஐயோ!" என்றார்கள்.

"என்ன ஐயோ? எனக்கு விருப்பம். விருப்பம் எண்டு சொன்னனான்."

"அதெல்லாம் நாங்களாக் கேக்கக்கூடாது மிஸ். அவங்களாப் பாத்துத் தரணும்" என்றேன் நான், பெரிய மனிதன் மாதிரி.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், மிஸ்டர் பெனடிக்ட்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்கழி வந்தது. மிஸ்டர் எட்வின் கூப்பிட்டார். மனிஃபெஸ்ட் பகுதியில் மூத்த கிளாக் நான். ராஜேஸ்வரிக்குச் சொல் சொல்லவேண்டியவனும் நான்தான். எட்டு மாத மூப்பு அந்த உரிமையை எனக்குத் தந்திருந்தது. பெயரை வாசித்தார். "வன் வேர்ட், பெனடிக்ட்."

எத்தனையோ சொற்கள் இருந்தன. கேப்பபிள், ஹார்ட்வேர்க்கிங், பிரைட். எல்லாம் உண்மையான சொற்கள்.

"அம்பிஷஸ், சேர்."

மிஸ்டர் எட்வின் என்னை நிமிர்ந்து பார்த்தார். ராஜேஸ்வரி தன்னிடம் நேரில் வந்து கேட்டது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். "பிட்டி" என்றார். ஐயோ பாவம் என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். பென்சிலால் எழுதினார்.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி, "என்ன முகம் ஒரு மாதிரி?" என்று கேட்டாள். தலையிடி என்றேன். கோயிலுக்குப் போய் முழந்தாளில் இருந்தேன். அங்கே என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு நானே வக்கீலாக நின்றேன். பொய் சொன்னேனா? இல்லை. ராஜேஸ்வரிக்குப் பதவியில் ஆசை இருக்கிறதா? இருக்கிறது, அவரே சொன்னார். பிரதர் எழுதிய எட்டாவது பாவம் அதுதானே? அதுதான். எல்லாக் கேள்விக்கும் பதில் சரியாக இருந்தது. ஒரு பொய்யும் சொல்லாமல் ஒரு ஆளைக் கவிழ்க்க முடியும் என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

மறுநாள் அதே நேரம். அதே கேள்வி. மாற்றுவதற்கு எனக்கு முழுதாக ஒரு நாள் தரப்பட்டிருந்தது.

"அம்பிஷஸ், சேர்."

மையைத் தொட்டு எழுதினார்.

பங்குனியில் எனக்குக் கதிரை கிடைத்தது. முதல் ஆளாக வந்து கைகொடுத்தவர் ராஜேஸ்வரி. சில மாதம் கழித்து என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "எனக்கு என்ன குறை எண்டு உங்களுக்குத் தெரியுமோ? தெரிஞ்சாத் திருத்தலாம்" என்று கேட்டார். "குறை ஒண்டுமில்ல மிஸ், சீனியோரிட்டிதான்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த வருடம் அதே சொல் தொடர்ந்தது. சிபாரிசு வரியை என் கையால் டைப் பண்ணினேன். ஆறு வருடம் பண்ணினேன். அவர் பிறகு யாரிடமும் எதையும் கேட்டதை நான் பார்க்கவில்லை. பட்டியல்களைப் பற்றி யோசனை சொல்வதும் நின்றுபோனது. மகள் ஏ.எல். பரீட்சை எடுக்கிற வருடத்தில், வயது வருமுன்பே வேலையை விட்டுவிட்டார்.

இதற்கிடையில் அந்தச் சொல்லுக்கு நடந்த கூத்தைக் கேளுங்கள்.

திறந்த பொருளாதாரம் வந்து சில வருடத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வேலை விளம்பரங்கள் கூடின. முன்பெல்லாம் 'நிதானமான, நல்லொழுக்கமுள்ள' ஆட்களைத்தான் தேடுவார்கள். ஒரு நாள் 'இளமையும் அம்பிஷனும் உள்ளவர்கள் தேவை' என்று கண்டேன். அச்சுப் பிழை என்று நினைத்தேன், சத்தியமாக. பேப்பரை மனைவியிடம் காட்டி, "கள்ளனுக்கு விளம்பரம் போடுறாங்க பார்" என்று சிரித்தேன். அடுத்த கிழமை வேறு கம்பனியும் அப்படியே போட்டிருந்தது.

மிஸ்டர் எட்வின் ஓய்வுபெற்றபின் சிங்கப்பூரில் படித்த புது மனேஜர் வந்தார். அந்தரங்க அறிக்கையைத் தூக்கி எறிந்தார். ஒரு நேர்முகப் பரீட்சையில் நான் குறிப்பெடுக்க இருந்தேன். களுபோவிலவிலிருந்து வந்த ஒரு இளைஞன் நிமிர்ந்து இருந்துகொண்டு, "ஐ ஆம் வெரி அம்பிஷஸ், சேர்" என்றான். எனக்கு அவனுக்காக வெட்கமாகிவிட்டது. பாவம், தன் வாயாலேயே கெட்டான் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் புது மனேஜர் தாளில் ஒரு சரி போட்டு, பக்கத்தில் 'குட்' என்று எழுதுகிறார்!

முடிந்தபின் கேட்டேன். "சேர், அவன் அப்படிச் சொன்னது நல்லதா?"

"வேறென்ன பெனடிக்ட்? மேலே வர விருப்பம் இல்லாதவன் ஏன் காலையில் எழும்பி வேலைக்கு வரவேண்டும்?" என்றார்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லின் பின்னால் திரிகிறேன். அலுவலகத்தில் இருந்த இரண்டு அகராதிகளையும் ஒப்பிட்டேன். பழையது அளவுமீறிய பதவியாசை என்கிற மாதிரிச் சொல்லிற்று. புதியது வெற்றி பெறும் உறுதி என்கிற மாதிரிச் சொல்லிற்று. எங்கள் பங்குத் தந்தைக்கு லத்தீன் தெரியும். அவரைப் பிடித்தேன். அந்தக் காலத்து ரோமாபுரியில் பதவி வேண்டியவர்கள் தெருத் தெருவாகச் சுற்றி வாக்குக் கேட்பார்களாம், அந்தச் 'சுற்றிப் போவது' என்பதிலிருந்துதான் சொல்லே வந்ததாம். "அப்ப ஃபாதர், ஆசைப்படுறது குற்றமில்ல, போய்க் கேக்கிறதுதான் குற்றம்?" என்றேன். "அப்படியும் சொல்லலாம்" என்றார். எனக்கு எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறை ஞாபகம் வந்தது.

பிறகு ஒவ்வொரு படியாக அது மேலே ஏறிற்று. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளைக்கு அது நல்ல இலட்சணமாயிற்று. என் பேரனின் வகுப்பாசிரியை என் மகளைக் கூப்பிட்டு, "பிள்ளைக்கு அம்பிஷன் இல்லை" என்று முறைப்பாடு சொன்னார். மகள் அழாத குறையாக வீட்டுக்கு வந்தாள். பிரதர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். ஒரு பாவம் எந்த வருடத்தில், எந்தக் கிழமையில் புண்ணியமாக மாறுகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. யாரும் அறிவித்தல் ஒட்டவில்லை. நாங்கள் எல்லோரும் மாறினோம், மாறியது ஒருவருக்கும் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமையே நதீஷாவிடம் போனேன். அவள் என் ஃபைலை எடுத்து மேசையில் வைத்திருந்தாள். குணப் பெட்டியில் வருடா வருடம் 'கொன்டென்டட்' என்று இருந்தது. பழைய சீஃப் கிளாக் எனக்குச் சொன்ன சொல். எனக்கு அந்த வயதிலும் ஒரு பெருமை வந்தது. நதீஷா பரிதாபமாகப் பார்த்தாள்.

"அங்கிள் குறை நினைக்கக்கூடாது. இப்போது ஒருவருக்கு இப்படி எழுதினால், ஆளைத் தட்டி எழுப்பப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவோம்."

சிரித்துவிட்டேன். ஆனால் ராஜேஸ்வரியின் ஃபைல் அங்கே இல்லை. முதல் நாளே வந்து எடுத்துப் போய்விட்டாராம். "லேடி வாசித்துப் பார்த்துவிட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா!" என்றாள்.

இரண்டு நாளில் ராஜேஸ்வரியின் ஃபோன் வந்தது. "பெனடிக்ட், என்ர ஃபைல் கையில கிடைச்சிட்டுது. ஒரு விஷயம் கேக்கோணும், ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன்."

இப்போது நான் இருக்கிற ஹெந்தளையிலிருந்து பஸ்ஸில் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து கரையோர ரெயிலில் வெள்ளவத்தை. வழியெல்லாம் திரும்பிப்போக ஏதாவது சாட்டு வராதா என்று பார்த்தேன். ரெயில்கூட அன்றைக்கு நேரத்துக்கு வந்து தொலைத்தது.

ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் மூன்றாம் மாடி. மகள் வாசுகி கதவைத் திறந்தாள். ஒரு பாங்கில் வேலை செய்கிறாள், ஐம்பதை நெருங்கியிருக்கும். ராஜேஸ்வரி கண்ணாடி போட்டுக்கொண்டு ஃபைலை மடியில் விரித்து வைத்திருந்தார். தலை முழுக்க நரை. முகம் மட்டும் டெலெக்ஸ் பழகிய காலத்து முகம் மாதிரி வெளிச்சமாக இருந்தது.

"அங்கிள், பாத்தீங்களோ? அம்மாவுக்கு ஆறு வருஷமும் அம்பிஷஸ் எண்டு போட்டிருக்கினம்!" என்றாள் வாசுகி. "எங்கட பாங்கில இந்தச் சொல்லை ரிப்போர்ட்டில எடுக்க ஆக்கள் படுற பாடு! நான் ஃபோட்டோ எடுத்து அண்ணாவுக்கும் அனுப்பிட்டன்."

"போய்த் தேத்தண்ணியைப் பார் பிள்ளை" என்று ராஜேஸ்வரி அவளைக் குசினிக்கு அனுப்பினார். பிறகு என் பக்கம் ஃபைலைத் திருப்பினார்.

"எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. மேல இப்பிடி எழுதிப்போட்டு, கீழ ஏன் சிபாரிசு இல்லை எண்டு போட்டவை? நாங்கள் இருந்த காலத்தில இந்தச் சொல்லை ஒரு மாதிரித்தான் பாத்தவை எண்டு ஒரு நினைப்பு எனக்கு. வாசுகி இல்லை எண்டுறா. டைப் பண்ணின ஆள் பிழை விட்டிருக்கும் எண்டுறா. அப்பிடியும் இருக்குமோ?"

தப்பிப் போகக் கதவு திறந்தே இருந்தது. ஓம், டைப்பிங் பிழைதான் என்று ஒரு வார்த்தை. அவர் சந்தோஷமாக இருப்பார். நான் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு ஐந்து மணி ரெயிலைப் பிடிப்பேன். யாருக்கு என்ன நட்டம்? நான் வாயைத் திறந்தபோது அதைத்தான் சொல்லப் போகிறேன் என்று நினைத்தேன்.

"பிழை இல்லை. டைப் பண்ணினது நான்" என்றேன். "அந்தச் சொல்லைச் சொன்னதும் நான்தான்."

ராஜேஸ்வரி கண்ணாடியைக் கழற்றவில்லை.

"பென்சில் நாளிலயோ?"

"ஓம்."

"மை நாளில?"

"அண்டைக்கும் அதைத்தான் சொன்னன். நீங்க சொன்னதுதான் சரி. அந்தக் காலத்தில அது நல்ல சொல் இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னன். எனக்கு அந்தக் கதிரை வேணும் எண்டு இருந்தது. உங்களவிட ஆசை எனக்குத்தான் கூட. நீங்க போய்க் கேட்டீங்க, நான் ஒளிச்சு வச்சிருந்தன்."

கீழே கடலோரப் பாதையில் ரெயில் ஒன்று போயிற்று. ராஜேஸ்வரி ஃபைலை மூடினார்.

"நான் என்ன நினைச்சுக்கொண்டு இருந்தனான் தெரியுமோ, பெனடிக்ட்? எனக்கு மூளை காணாது எண்டு. மிஸ்டர் எட்வின் நேர்மையான ஆள், அவர் ஒரு குறையைக் கண்டிருக்கோணும், எனக்குத்தான் தெரியேல்லை எண்டு. வாசுகி பெரிய சோதனை எடுக்கப்போறன் எண்டு நிண்ட நேரம், எங்கட குடும்பத்துக்கு அவ்வளவு கெட்டித்தனம் இல்லை, கிடைச்ச வேலையில இரு எண்டு சொன்னது நான். அவள் எடுக்கேல்லை."

மன்னிக்கவேண்டும் என்று ஏதோ தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அது வேண்டாம். அதை வைச்சு நான் என்ன செய்யிறது? ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்லுங்கோ. அந்தக் கதிரையில நான் இருந்திருந்தா எப்பிடிச் செய்திருப்பன்?"

யோசிக்கவேண்டிய கேள்வியே இல்லை. இருபத்தைந்து வருடம் அதில் இருந்தவன் நான். அவர் செய்து காட்டிய பட்டியல் முறையை, அவர் போனபின் என் முறை என்று சொல்லி நடத்தியவனும் நான்.

"என்னவிட நல்லாச் செய்திருப்பீங்க."

"மெல்லமாச் சொல்லாதேங்கோ. வாசுகி குசினியில நிக்கிறா."

எழும்பி நின்றேன். மிஸ்டர் எட்வினின் அறையில் நிற்கிற மாதிரித்தான் நின்றேன்.

"உங்கட அம்மா அந்த வேலையை என்னவிட நல்லாச் செய்திருப்பா" என்று உரத்துச் சொன்னேன்.

குசினியில் குழாய்த் தண்ணீர் ஓடிய சத்தம் நின்றது.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார் ராஜேஸ்வரி.

சொன்னேன்.